கார்ட் ஆடும் பிள்ளையை எப்படிப் பார்ப்பது

போன வருடம் ஒரே கிழமையில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் அமெரிக்காவில் நியூ ஜேர்சியில் இருக்கும் என் மச்சான். மகன் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் கார்ட், ஏதாவது கல்லூரி இவனை எடுக்குமா என்று பார்த்துச் சொல்லு என்று மூன்று நிமிட வீடியோ ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். மற்றவர் ஒரு பல்கலைக்கழகத்தில் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பழக்குபவர். நான் பழக்குகிற பிள்ளை ஒருத்திக்கு உயர்தரப் பெறுபேறு வந்து அங்கே இடம் கிடைத்திருந்தது. "அவள் எப்படி ஆள் எண்டு ஒரு பக்கத்தில எழுதித் தாங்கோ சேர், புளுகாமல் எழுதுங்கோ" என்றார்.

அந்தப் 'புளுகாமல்' சும்மா வந்த சொல் இல்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

வன்னியில் கூடைப்பந்து வளையம் நிற்கிற பாடசாலைகள் கொஞ்சம்தான். கரப்பந்துக்கும் உதைபந்துக்கும் கூடுகிற சனத்தில் கால்வாசி கூட எங்கள் ஆட்டத்துக்கு வராது. ஆகவே ஒரு நல்ல பிள்ளை தலை காட்டினால் அதைக் கண்டுபிடித்து மேலே சொல்ல வேண்டியது பி.ரி. ஆசிரியரோ, பழைய மாணவரோ, சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கும் நீங்களோதான். கார்ட் என்பவர் அணியின் பின்வரிசை ஆட்டக்காரர். பந்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர் பொயின்ட் கார்ட், அவருக்குப் பக்கத்தில் நின்று தூரத்திலிருந்து எறிகிறவர் சூட்டிங் கார்ட். எங்கள் பக்கத்தில் அநேகமாக ஒரே பிள்ளைதான் இரண்டையும் செய்யும்.

சரி, அந்தக் கதை. கன காலத்துக்கு முன் ஒரு பொடியன். வலயப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் எங்கள் புள்ளிகளில் பாதிக்கு மேல் அவன் ஒருவனே போட்டான். நான் உச்சி குளிர்ந்துபோய், அவன் கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, போனபோது இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். முதல் வருடம் முழுக்க அவன் வாங்கிலில் இருந்தான். பந்தைத் தட்டும்போது அவன் தலையைக் குனிந்து பந்தைத்தான் பார்ப்பான். இங்கே அவனை யாரும் முழு மைதானத்துக்கும் துரத்திப் பிடிக்காததால் அது எனக்குத் தெரியவில்லை, அங்கே முதல் நாளே தெரிந்துவிட்டது. அடுத்த முறை அந்தப் பழக்குநரைக் கண்டபோது அவர் சொன்னது ஒரே வசனம்: "உங்கட கடிதம் நல்ல தமிழ், சேர்."

அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி. எத்தனை புள்ளி என்று யாராவது சொல்லத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொள்வேன். ஒரு கார்டின் வேலை பந்து கைக்கு வர முன்னமே தொடங்கிவிடுகிறது, அந்த நேரத்தில் கண் எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கீழே எழுதுகிற மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஆட்டம் பார்க்கப் போகும்போது அளவுநாடா ஒன்றைக் கொண்டுபோங்கள். சிரிக்காதீர்கள். வளையம் நிலத்திலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வளையங்கள் பொடியன்கள் தொங்கித் தொங்கி முன்பக்கம் சரிந்து கிடக்கும், ஒரு பாடசாலையில் நான் அளந்தபோது ஒரு பக்கத்து வளையம் நான்கு விரலளவு பதிந்திருந்தது. அடுத்தது மூன்று புள்ளிக் கோடு. சர்வதேச விதியில் அது 2010 வரை 6.25 மீற்றராக இருந்தது, பிறகு 6.75 ஆனது. பழைய சீமெந்துத் தளத்தில் பழைய கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் பெயின்ற் அடித்திருப்பார்கள். அரை மீற்றர் கிட்ட நின்று எறிகிற பிள்ளையை 'தூரத்துச் சூட்டர்' என்று எழுதிவிட்டால் பிறகு அவமானப்படுவது பிள்ளைதான்.

பந்தையும் கையில் எடுத்துப் பாருங்கள். பெண்களுக்கு 6ஆம் இலக்கப் பந்து, ஆண்களுக்கு 7. எங்கள் பாடசாலைகளில் பொடியன்களின் 7ஆம் இலக்கப் பந்துதான் இருவருக்கும், அதுவும் புள்ளிகள் எல்லாம் தேய்ந்து வழுக்கையாகிப்போன பந்து. வருடம் முழுக்க அதில் பழகிவிட்டு மாகாணப் போட்டியில் 6ஆம் இலக்கப் புதுப் பந்தைக் கையில் கொடுத்தால் முதல் ஐந்து நிமிடம் எறிவதெல்லாம் பலகைக்கு மேலே போகும். அதே மாதிரி, புழுதி படிந்த தளத்தில் பந்து கிளம்புகிற விதம் ஒவ்வொரு தட்டலுக்கும் வேறு. ஒன்றிரண்டு தடவை பந்து நழுவியதைப் பெரிய குறையாக எடுக்க வேண்டாம். நழுவிய பிறகு உடம்பால் மறைத்து எடுத்தாளா, நடுவரைப் பார்த்தாளா என்பதை மட்டும் குறியுங்கள்.

நிற்கிற இடம் முக்கியம். நடுக்கோட்டுக்கு நேரே, கொஞ்சம் உயரத்தில். எங்களுக்கு எங்கே கலரி? நான் ஒரு தடவை தண்ணீர் கொண்டுவந்த உழவு இயந்திரப் பெட்டியின் மேலே ஏறி நின்று பார்த்தேன், அன்றுதான் எங்கள் அணியின் ஐந்து பேரும் பந்தைச் சுற்றி எறும்பு மாதிரி மொய்ப்பது கண்ணில் பட்டது. கீழே நின்றால் பந்து மட்டும்தான் தெரியும்.

இனி கண். ஆட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். உங்கள் பிள்ளையின் தலையை மட்டும் பாருங்கள். கஷ்டமாக இருக்கும், எங்கள் கண் பந்தின் பின்னாலே ஓடிப் பழகிவிட்டது. பந்து வேறொருவரிடம் இருக்கும்போது தலை திரும்புகிறதா? பந்து தன்னை நோக்கி வருகிற அந்த அரைச் செக்கனில் தோளுக்கு மேலால் ஒரு தரம் பின்னே பார்க்கிறாளா? பிடித்த பிறகுதான் சுற்றிப் பார்க்கிறவள் நல்ல ஆட்டக்காரியாக இருக்கலாம், கார்டாக இருப்பது கடினம். கொப்பித் தாளில் மூன்று நிரல் போடுங்கள். பந்து வர முன் பார்த்தாளா, பந்து வந்ததும் என்ன செய்தாள், அதனால் என்ன வாய்த்தது. ஒவ்வொரு தடவை பந்து கைக்கு வரும்போதும் ஒரு வரி. முப்பது வரி சேர்ந்தால் போதும், உங்களுக்கு ஆள் யார் என்று விளங்கத் தொடங்கும்.

நான் கடிதம் எழுத வேண்டியிருந்த பிள்ளையின் தாளில் இருந்து ஒரு வரி. இரண்டாம் கால்பகுதி, பந்து அவளுக்கு இடப்பக்கத்தில் வருகிறது. அது வர முன்னமே மூலையைப் பார்த்துவிட்டாள், அங்கே பத்தாம் ஆண்டுச் சின்னப் பிள்ளை ஒருத்தி தனியே நிற்கிறாள், ஆனால் அவளுடைய சப்பாத்து லேஸ் அவிழ்ந்து குனிந்துகொண்டிருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் வெறுமையைக் கண்டவுடன் எறிந்திருப்பார்கள், பந்து சின்னவளின் முதுகில் பட்டு வெளியே போயிருக்கும். இவள் எறியவில்லை. இரண்டு தரம் பந்தைத் தட்டினாள், தன்னைப் பிடித்தவளை ஓரடி பின்னுக்கு இழுத்தாள், "எழும்பு" என்று ஒரு சத்தம், சின்னவள் நிமிர்ந்த நேரம் பந்து அவள் நெஞ்சில். சின்னவள் எறிந்தாள், வளையத்தில் பட்டு வெளியே போனது. புள்ளிப் புத்தகத்தில் இதற்கு ஒன்றும் இல்லை. என் தாளில் இரண்டு நட்சத்திரம்.

இந்த இடத்தில் 'அசிஸ்ட்' கணக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பந்தைப் பெற்றவர் புள்ளி போட்டால்தான் கொடுத்தவருக்கு அசிஸ்ட். எங்கள் அணிகளில் பந்தைப் பெற்றவர் பெரும்பாலும் தவறவிடுவார். ஆகவே அந்தக் கணக்கை வைத்து எங்கள் கார்டுகளை அளந்தால் எல்லோரும் கெட்டவர்கள்தான். நான் எண்ணுவது வேறு: இந்தப் பிள்ளை கொடுத்த பந்தால் யாருக்காவது தடுப்பாள் (மறிக்கிற ஆள்) இல்லாத எறிதல் கிடைத்ததா. போனதா வந்ததா என்பது எறிந்தவரின் கணக்கு. அதற்கு எதிரே பந்தைப் பறிகொடுத்த தடவைகள். முதலாவது இரண்டாவதைப் போல் இரண்டு மடங்கு இருந்தால் நல்ல கார்ட் என்று துணிந்து எழுதுவேன்.

வன்னியில் பெண் பிள்ளைகளைப் பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒரு விடயம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் வலைப்பந்தில் இருந்து வருகிறவர்கள். அது வரமும்தான், வில்லங்கமும்தான். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, மூன்று செக்கனுக்குள் கொடுத்துவிட வேண்டும், ஆகவே பார்த்துக் கொடுப்பதும் ஒற்றைக் காலில் சுழல்வதும் கைவந்த கலையாக இருக்கும். அதிலும் சென்ரர் ஆடினவளைக் கண்டால் நான் விடமாட்டேன், மைதானம் முழுக்க ஓடி இரண்டு பக்கத்துக்கும் பந்தைச் சேர்க்கிற வேலை அது. ஆனால் சென்ரருக்குக் கோல் வட்டத்துக்குள் கால் வைக்கவே அனுமதி இல்லை. ஆறு வருடம் ஆடியும் போட்டியில் ஒரு பந்தைக்கூட வளையத்துக்கு எறிந்திராத பிள்ளை அவள். வெறுமையாக நிற்கும்போதும் எறியாமல் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பாள். அதைப் பார்த்து 'தன்னம்பிக்கை இல்லை' என்று எழுதிவிடாதீர்கள், பழக்கம் இல்லை என்று எழுதுங்கள். இரண்டும் வேறு வியாதி, இரண்டுக்கும் மருந்து வேறு.

இன்னும் இரண்டு அடையாளம் இருக்கிறது. வலைப்பந்து வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது, அதனால் லே-அப், அதாவது ஓடிப்போய் வளையத்துக்குக் கிட்ட நின்று பந்தைப் போட, போகிறபோது பலகையில் பட வைக்காமல் நேரே வளையத்தில் போடப் பார்ப்பார்கள். மற்றது, அங்கே தடுக்கிறவர் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், உடம்பு முட்டினால் பிழை. அந்தப் பழக்கத்தோடு வருகிற பிள்ளை கூடைப்பந்தில் ஒரு தோள் இடித்தவுடன் நின்றுவிடும். முட்டிய பிறகும் காலை எடுத்து வைக்கிறாளா என்று பார்க்க நல்ல வழி, பயிற்சியில் ஒரு பெரிய பிள்ளையை இடுப்போடு இடுப்பு உரச விட்டு வளையத்துக்கு ஓட விடுவது. முதல் நாள் எல்லோரும் திகைப்பார்கள். மூன்றாம் நாள் யார் சிரித்துக்கொண்டு ஓடுகிறாள் என்று பாருங்கள்.

உயரத்தைப் பற்றி யாரும் கேட்காமல் விடமாட்டார்கள். புன்னாலைக்கட்டுவன் பக்கத்தில் இருந்து போய் இலங்கை வலைப்பந்து அணியின் கோல் சூட்டராக நின்ற தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர், 2018இல் ஆசியக் கிண்ணத்தைத் தூக்கிய அணியில் அவர்தான் கோல் போடுகிறவர். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் பிள்ளையைக் கண்டதும் முதலில் உச்சியைத்தான் பார்க்கிறார்கள். கார்டுக்கு உயரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வெறுங்காலோடு சுவரில் நிறுத்தி அளந்து எழுதுங்கள், இரண்டு கையையும் விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரையும் அளவெடுங்கள். கை நீளம் தடுப்பில் உயரத்தை விட உதவும். சப்பாத்தோடு அளந்து இரண்டு சென்ரிமீற்றர் கூட்டி எழுதுகிற கெட்ட பழக்கம் மட்டும் வேண்டாம், அங்கே போனதும் அவர்களும் அளப்பார்கள்.

அடுத்தது நெருக்குவாரம். பின்பாதியில் இருந்து பந்தை எட்டுச் செக்கனுக்குள் நடுக்கோட்டைக் கடத்த வேண்டும். நல்ல எதிரணி என்றால் கோட்டிலேயே இரண்டு பேர் வந்து மறிப்பார்கள். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் இப்படி மறிக்கிற அணி அருமை, என் கடிதத்துப் பொடியன் என்னை ஏமாற்றியதும் அதனால்தான். ஆகவே நீங்களே அதைச் செய்து பாருங்கள். பயிற்சியில் பழைய மாணவர் இரண்டு பேரை அழைத்து அந்தப் பிள்ளையை மட்டும் முழு மைதானத்துக்கும் பிடிக்கச் சொல்லுங்கள், வலது பக்கத்தை அடைத்து இடது கைக்குத் தள்ளச் சொல்லுங்கள். பத்துத் தடவையில் எத்தனை தடவை கடக்கிறாள் என்பது ஒரு கணக்கு. தலை நிமிர்ந்திருந்ததா என்பது அதைவிடப் பெரிய கணக்கு. முதுகைக் காட்டிக்கொண்டு பக்கக் கோட்டோடு நகர்கிறவள் நான்காவது தடவை மாட்டுவாள், இருவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கண்டு அதற்குள் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டுத் தான் ஓடிப் போய்த் திரும்ப வாங்குகிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்கிரீன் வைத்து ஆடுவதையும் அப்படித்தான் செய்து பார்க்க வேண்டியிருக்கும், எங்கள் அணிகள் அதை அதிகம் ஆடுவதில்லை. ஒரு உயரமான பிள்ளையை மறிப்பாக நிறுத்தி, கார்டை அவளோடு உரசிக்கொண்டு வெளியே வரச் சொல்லுங்கள். தடுப்பாள் பின்தங்கினால் எறிய வேண்டும், இருவரும் பந்தின் மேல் பாய்ந்தால் வளையத்துக்கு உருள்கிற பெரியவளுக்குக் கொடுக்க வேண்டும், மாற்றிப் பிடித்தால் பெரிய தடுப்பாளை ஓட்டத்தில் வெல்ல வேண்டும். தடுக்கிறவர்களிடம் இரகசியமாக ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிச் செய்யச் சொல்லிவிட்டு, கார்டின் முகத்தைப் பாருங்கள். மூன்றாவது நாலாவது தடவையில் ஒரு பிள்ளை புன்னகைத்தால், விளங்கிவிட்டது என்று அர்த்தம். கம்பஸ் பழக்குநருக்குத் தெரிய வேண்டியதும் இதுதான்: கணக்குச் சொல்லிக் கொடுத்தால் பிடிக்கிற மூளையா.

எறிதலைப் பற்றி அதிகம் எழுத இல்லை. போனதை எண்ண வேண்டாம், ஒரு நாள் போகும் ஒரு நாள் போகாது. ஒவ்வொரு தடவையும் கால் ஒரே மாதிரி நிற்கிறதா, பந்து கையை விட்டுப் போகிற இடம் ஒன்றா என்று பாருங்கள். கடைசிக் கால்பகுதியில் களைத்த பிறகு அது மாறுகிறதா என்றும் பாருங்கள். எதிரணி பிழை விட்டதற்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ நல்ல சாட்சி, அதை யாரும் மறிப்பதில்லை.

பிழை விட்ட பிறகு வருகிற மூன்று செக்கனைத் தவறவிடாதீர்கள். பந்தைப் பறிகொடுத்துவிட்டாள், எதிரணிக்காரி தனியே ஓடுகிறாள். இவள் துரத்துகிறாளா, நெற்றியில் கை வைத்து நிற்கிறாளா, பந்தைச் சரியாகப் பிடிக்காத கூட்டாளியை முறைக்கிறாளா? நான் ஒரு ஆட்டம் முழுக்க இதை மட்டும் பார்த்திருக்கிறேன். கூட்டாளியை முறைக்கிற கார்டுக்கு மூன்றாம் கால்பகுதிக்குப் பிறகு யாரும் மனம்விட்டு ஓடித்தர மாட்டார்கள். வாயும் முக்கியம். கார்ட் கதைக்க வேண்டும். எங்கள் பெண் பிள்ளைகளுக்குச் சனத்துக்கு முன்னால் சத்தமாகக் கத்தக் கூச்சம், வேலிக்கு அப்பால் மாமா நின்றால் இன்னும் கூச்சம். சத்தம் வராவிட்டால் கையால் காட்டுகிறாளா என்று பாருங்கள், அதுவும் கதைதான்.

மச்சானின் வீடியோவுக்கு வருவோம். மூன்று நிமிடம், பின்னணியில் டும் டும் என்று பாட்டு, மருமகன் எறிவதெல்லாம் உள்ளே போகிறது. இதைப் பார்த்து ஒன்றுமே சொல்ல முடியாது என்று சொன்னேன். ஒரு ஆட்டம் முழுக்க அனுப்பு, வென்றது ஒன்று, தோற்றது ஒன்று, வெட்டாமல் அனுப்பு என்றேன். மச்சானுக்குக் கொஞ்சம் கோபம். ஆனால் அனுப்பினான்.

அங்கே பார்ப்பதற்குச் சில கணக்குகளை மாற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டம் நாலு எட்டு முப்பத்திரண்டு நிமிடம், கல்லூரி ஆட்டம் நாற்பது. பள்ளியில் மூன்று புள்ளிக் கோடு ஏறக்குறைய 6 மீற்றர், ஆண்கள் கல்லூரியில் 2019 முதல் எங்களுடையதைப் போல 6.75. பள்ளிக் கோட்டில் காலை வைத்து எறிகிறவன் கல்லூரியில் முக்கால் மீற்றர் பின்னுக்குப் போக வேண்டும், ஆகவே கோட்டுக்கு வெளியே தள்ளி நின்று எறிந்தவற்றை மட்டும் தனியே எண்ணினேன். கல்லூரியில் 30 செக்கனுக்குள் எறிந்தாக வேண்டும், பள்ளியில் எறிநேரக் கடிகாரம் பல மாநிலங்களில் கட்டாயமே இல்லை. ஒரு கார்ட் பந்தை ஒரு நிமிடம் ஆறுதலாகச் சுற்றவிட்டு ஆடுவது பள்ளியில் கெட்டித்தனம், கல்லூரியில் அதற்கு நேரம் இல்லை. மருமகன் தலை நிமிர்ந்துதான் ஆடினான், அது எனக்குப் பிடித்தது. ஆனால் எதிரணி நெருக்கும்போது எப்போதும் வலப்பக்கமே போனான். தோற்ற ஆட்டத்தில்தான் அது தெரிந்தது, மூன்று நிமிட வீடியோவில் அந்த இடது கையை யாரும் போடவில்லை.

எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு நான் பழக்குநராகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், மச்சானுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ.யில் மூன்று பிரிவு. முதலாம் பிரிவில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருந்தாலும் ஒரு ஆண்கள் அணியில் ஏறக்குறைய பதினைந்து பேருக்குத்தான் இடம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவிப்பணம் கிடையாது, படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் பார்த்துத்தான் தருவார்கள். முதலாம் பிரிவிலேயே இருந்தாலும் மச்சானின் மாநிலத்து பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் விளையாட்டு உதவிப்பணம் தருவதில்லை. முதலாம் பிரிவுக்குப் பதினாறு அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 2.3 சராசரியும் வேண்டும், அது இல்லாமல் இடது கையைப் பற்றிக் கதைத்துப் பயனில்லை. அதோடு, கல்லூரி மாறுகிற வீரர்களுக்கு 2021க்குப் பிறகு ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்துவிட்டதால், பழக்குநர்கள் பதினெட்டு வயதுப் பையனை வளர்ப்பதை விட வேறு கல்லூரியில் ஆடித் தேறின இருபத்தொரு வயதுக்காரனை எடுக்க விரும்புகிறார்கள். பள்ளியில் இருந்து நேரே போகிறவனுக்குக் கதவு முன்னையை விட ஒடுக்கம்.

உடனே மச்சான், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யின் நட்சத்திரக் கார்ட் ஸ்டீபன் கறியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உண்மைதான், கறி பள்ளியில் ஒல்லிக்குச்சி, பெரிய கல்லூரிகள் அவரை உதவிப்பணத்தோடு எடுக்கவில்லை, தகப்பன் ஆடிய வேர்ஜீனியா ரெக் கூட எடுக்கவில்லை. டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்குப் போய் 2008இல் அதைத் தேசியப் போட்டியின் கடைசி எட்டு வரை கொண்டுபோனார். ஆனால் அந்தத் தகப்பன் டெல் கறி பதினாறு பருவம் என்.பி.ஏ.யில் ஆடினவர் என்பதை இந்தக் கதை சொல்கிறவர்கள் விழுங்கிவிடுவார்கள். "மச்சான், நீ என்ன பதினாறு பருவம் ஆடினனி?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, அப்ப சின்னக் கல்லூரி பரவாயில்லையா என்றான். பரவாயில்லை மட்டுமா, அவனுடைய ஜேர்சி சிற்றியிலேயே இருக்கிற செயின்ற் பீற்றர்ஸ் கல்லூரி 2022இல் அதே தேசியப் போட்டியில் பதினைந்தாம் நிலை அணியாக, தரவரிசையில் கடைசிக்குக் கிட்ட, நுழைந்து கடைசி எட்டுக்கு வந்தது, அதற்கு முன் எந்தப் பதினைந்தாம் நிலை அணியும் அவ்வளவு தூரம் போனதில்லை. ஆட நேரம் கிடைக்கிற இடத்துக்குப் போகச் சொல்லு என்றேன்.

திரும்ப எங்கள் மண்ணுக்கு. வெளியே இருந்து பார்க்க வருகிறவர்கள் ஒன்றைப் பிழையாக எடுப்பார்கள், அதற்காக இதைக் கொஞ்சம் அழுத்தி எழுதுகிறேன். 'பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை' என்ற வரி. எங்கள் பிள்ளைக்கு நெடுங்கேணிப் பக்கம் வீடு. பயிற்சி ஐந்தரைக்கு முடியும், கடைசி பஸ்ஸை விட்டால் தகப்பன் மோட்டார் சைக்கிளில் வர வேண்டும், அந்தப் பாதையில் இருட்டினால் யானை நிற்கும். வாரத்தில் இரண்டு நாள் ரியூசன். நெல் வெட்டுக் காலத்தில் தாயும் வயலில், தம்பியைப் பார்க்க ஆள் இல்லை. அவள் வராத நாட்களை நான் எண்ணவில்லை. வந்த நாட்களில் எத்தனை மணிக்கு வந்தாள் என்று பார்த்தேன், எப்போதும் வளையத்தடியைக் கூட்டுகிறவர்களில் ஒருத்தியாக நின்றாள். வீட்டுக்கு ஒரு தரம் போய்த் தாய் தகப்பனோடு கதையுங்கள். கம்பஸ் விடுதியில் நின்று மாலையில் ஆடுவதற்கும் போட்டிக்கு வெளியூர் போவதற்கும் அவர்களுக்குச் சம்மதமா என்பது இடது கையை விடப் பெரிய கேள்வி. தேத்தண்ணி குடிக்காமல் வந்தால் கதை முடியாது, அதற்கும் நேரம் வைத்துப் போங்கள்.

பல்கலைக்கழகம் போவது உயர்தரப் பெறுபேற்றில் கணக்கிடுகிற இசட் புள்ளியால்தான். தேசிய மட்டத்திலோ அதற்கு மேலோ சாதித்த பிள்ளைகளுக்கு ஒரு சின்ன விசேட வழி இருந்தாலும் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வலய, மாகாணச் சான்றிதழ்தான் கையில் இருக்கும். அவற்றின் மூலப் பிரதிகளை உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், வெள்ளத்தில் நனைத்துவிட்டு வந்து நிற்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. வீட்டுக்குக் கிட்ட ஆடலாம் என்று பெற்றோருக்குச் சொல்ல இது உதவும்.

கடைசியில் எழுதுகிற வேலை. ஒரு பக்கம், அதற்கு மேல் யாரும் வாசிக்க மாட்டார்கள். எத்தனை ஆட்டம் பார்த்தீர்கள், எந்த மாதிரியான எதிரணி, தளம், பந்து, இவற்றை முதல் இரண்டு வரியில் போடுங்கள். பிறகு உயரம், கை நீளம், எந்தக் கை. பிறகு கண்டது. 'மிகத் திறமையான வீராங்கனை' என்று எழுதுவதற்குப் பதில் அந்த லேஸ் அவிழ்ந்த கதையை மூன்று வரியில் எழுதினேன். குறையை ஒளிக்காதீர்கள், ஆனால் எதனால் வந்த குறை என்றும் எழுதுங்கள். நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி: "இடது கை பலவீனம், இருவர் மறித்தால் வலப்பக்கமே போவாள், பத்தில் ஆறு தடவை கடந்தாள். வலைப்பந்து சென்ரராக இருந்தவள், ஆகவே எறியத் தயங்குவாள், எறியச் சொன்னால் எறிவாள். முட்டிய பிறகு நிற்பதில்லை. முதல் வருடம் பந்தைக் கையில் கொடுத்து ஆட்டத்தை நடத்த விடலாம், புள்ளி எதிர்பார்க்க வேண்டாம்."

அனுப்ப முன் அந்தத் தாளைப் பிள்ளையிடமே வாசிக்கக் கொடுத்தேன், இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். வளையக் கம்பத்தில் சாய்ந்து நின்று இரண்டு தரம் வாசித்தாள். "ஆறு தடவையில்ல சேர், ஏழு" என்றாள். நான் கொப்பியைத் திறந்து பார்த்தேன். ஆறுதான் இருந்தது. "எட்டாவது தடவை அண்ணை கையால பிடிச்சவர், நீங்கள் அந்த நேரம் போன் கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்." மச்சானின் அழைப்பு அது. ஆறை வெட்டி ஏழு என்று எழுதிவிட்டு அனுப்பினேன்.